பதினான்காம் எண் கேமரா

உம்முல் குவைன் கழிமுகத்தில்
அலையாத்திப் புதர் முடியும் இடத்தில்
ஓர் இரும்புத் தூண்.
அதன் தலையில் பெட்டி, பெட்டிக்குள் கேமரா.
பகலில் மணிக்கொரு படம்,
பதினோரு வருடமாய் ஒரே திசை.
லென்ஸில் படியும் உப்பைத் துடைப்பது என் வேலை.

இது பதினான்கு.
பதினைந்து ஐஸ்லாந்தில், ஒரு பனியாற்றின் எதிரே.
அதைத் துடைப்பவள் சிக்ரூன்.
நேரில் பார்த்ததில்லை.
மாதக் கடைசியில் எங்கள் இருவர் அறிக்கையும்
ஒரே மின்னஞ்சலில் போகும்.

அவள்: "பனி விளிம்பு படத்தைவிட்டு வெளியேறிவிட்டது.
தூணைப் பிடுங்கி முன்னால் நட வேண்டும்."
நான்: "பௌர்ணமி ஏற்றத்தில் நாலாவது போல்ட் நனைந்தது."
வந்த வருடம் அது இரண்டாவது போல்ட்.
தூண் இறங்குகிறதோ என்று சந்தேகப்பட்டார்கள்.
சர்வேயர் நியமத்துல்லா மூன்று நாள் அளந்துவிட்டு
"தூண் மேல் குற்றமில்லை" என்று கையெழுத்திட்டுப் போனார்.

எல்லாப் படங்களையும் ஓட்டினால் அரைமணி நேரச் சினிமா.
கதாநாயகன் இல்லை.
ஒரு நாரை அடிக்கடி வந்து போகும்.

ஜூலை, ஆகஸ்டில் மட்டும் படம் குதிக்கும்.
பெட்டிக்குள் சூடு எல்லை தாண்டினால்
கேமரா தானாக அணைந்துகொள்ளும்.
பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை
வெயிலில் வேலை கூடாதென்று எங்களுக்கும் சட்டம்.
முதல் வருடம் ஒன்பது நாள் அணைந்தது,
போன வருடம் ஐம்பத்து மூன்று.
காய்ச்சல் ஏறும்போதெல்லாம்
தெர்மாமீட்டரை உருவிவிடுகிற வைத்தியம்.

ஆகஸ்டில் ஒரு நாள், ஒன்றரை மணி.
யாரிடமும் கேட்கவில்லை.
மீன் மார்க்கெட்டில் இரண்டு பாளம் ஐஸ் வாங்கி
சாக்கில் சுற்றிப் பெட்டிமேல் ஏற்றினேன்.
வஞ்சிர வாடை.
பனி என்று நான் தொட்டதெல்லாம் இதுதான்.
இரண்டு மணிக்குக் கேமரா கண் திறந்தது.

ஒரே படம்.
கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடு இல்லை,
வெறும் வெள்ளை.
அலையாத்தி இலைகள் சுருட்டிய காகிதம்.
வலது மூலையில் மங்கலாய் ஒரு சொட்டு.

அலுவலகம் எழுதியது:
"லென்ஸில் ஈரம். பழுதான படம். நீக்கவும்."
சிக்ரூன் ஒரு வரி கேட்டிருந்தாள்:
"மழையா அங்கே?"

பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தடவை எழுந்துவிட்டேன்.
நாளை வியாழன்.
துணி, தண்ணீர், ஏணி.
கிரீஸ் டப்பாவையும் எடுத்து வைத்திருக்கிறேன்,
ஐந்தாவது போல்டுக்கு,
துருப்பிடிப்பதற்கு முன்னால்.