மண்ணைக் கவ்விய பை

இந்த வருடம் ரோலர்கோஸ்டர் கிடையாது
என்பதை வெர்ஜில் வாய்விட்டுச் சொல்லவில்லை.
சாப்பாட்டு மேசையில் இருபது டாலர் தாள் ஒன்றை
நீவி நீவி விரித்து வைத்தான்.
"கோடை முழுக்க இதற்குள்," என்றான்.
டெஸ்ஸா தாளைப் பார்த்தாள்.
டாயில் என்னைப் பார்த்தான்.
ஏப்ரலில் மூடிய வாஷிங்மெஷின் ஆலையைப் பற்றி
ஒரு சொல்லும் சொல்லாமல்
நான் தட்டுகளை அடுக்கினேன்.

ஒட்டுப்பலகை விலை கேட்டுத் திரும்பியவன்
கராஜுக்குப் போகும் கதவைக் கழற்றினான்.
பழைய வீடு, கெட்டிக் கதவு.
"திருடன் வந்தால்?" என்றேன்.
"ஆட்டத்துக்கு ஆள் குறைகிறது, வரட்டும்."

ஒவ்வொரு பிறந்தநாளும் பிள்ளைகளை நிறுத்தி
பென்சிலால் கோடு கிழித்த கதவு அது.
எனக்கு நினைவு வந்தபோது
ரம்பம் டாயிலின் நான்கு வயதைக்
குறுக்கே கடந்துகொண்டிருந்தது.
துளை போட வேண்டிய இடத்தில்
டெஸ்ஸாவின் எட்டு வயது.
வட்டமாகக் கழன்று விழுந்ததை
அவள் சட்டையில் துடைத்து எடுத்துக்கொண்டாள்.
இப்போது அதன்மேல் எலுமிச்சைச் சாறு வைக்கிறாள்.

துளை போடும் ரம்பம் பக்கத்து வீட்டு மார்லிஸுடையது.
வாடகை: தினமும் அவளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்,
கணக்கு அவள்தான் எழுதுவாள்.

பெயின்ட், கடைக்காரன் தப்பாகக் கலந்து
யாரும் வாங்காமல் கிடந்த டப்பா, ஐந்து டாலர்.
சால்மன் மீனும் இல்லை, செங்கலும் இல்லை, அப்படியொரு நிறம்.
தீவனக் கடையில் எட்டு பவுண்டு மக்காச்சோளம், ஆறு.
துணிக்கு?
அலமாரியில் ஐந்து நீலச் சட்டைகள்
இஸ்திரி போட்டபடியே தொங்கின.
"வெட்டு," என்றான்.
கேட்டேன், இரண்டு முறை.
"வெட்டு."

எட்டுப் பைகள் தைத்தேன்.
ஒன்றில் மார்புப் பக்கம் வந்துவிட்டது,
சிவப்பு நூலில் அவன் பெயரோடு.

பலகைக்குப் பலகை இருபத்தேழு அடி வேண்டுமாம்.
எங்களுக்கு இருபத்தொன்றில் வேலி வந்துவிடும்.
பலகையில் நின்றால் ஒன்று,
துளைக்குள் போனால் மூன்று,
புல்லில் விழுந்தால் ஒன்றுமில்லை.
மார்லிஸ் இதை வேதம்போல் காத்தாள்.
பாதிப் பை பலகையில், பாதி புல்லில் கிடந்தால்
மண்டியிட்டு, கண்ணாடியைத் தூக்கிவிட்டு,
"புல்," என்பாள்.

மின்மினிகள் வரும்வரை ஆடினோம்.
"வெர்ஜிலை எனக்குக் கொடு!"
"நேற்றும் நீதானே வெர்ஜிலை எறிந்தாய்!"
ஆலையில் பதினாறு வருடத்தில் அவன் பெயரை
இத்தனை பேர் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

ஜூலைக் கடைசியில் ஒரு மாலை
டாயில் ஓடிவந்து எறிந்த எறியில்
பை பலகையைத் தாண்டி, துணிக்கொடியைத் தாண்டி
வேலியோரப் புதரில் போய் விழுந்தது.
"வெர்ஜில் மண்ணைக் கவ்விட்டான்!"
எல்லோரும் சிரித்தோம்.
அவனும் சிரித்தான்,
ஒரு மூச்சு தாமதமாக.

டார்ச் அடித்துத் தேடியும் கிடைக்கவில்லை.
ஏழு பையோடு ஆடினோம்.
பிறகு மழை, ஒன்பது நாள்.
பலகைகள் கராஜில், கதவில்லாத வாசல் வழியே
சமையலறையைப் பார்த்துக்கொண்டு நின்றன.

வெயில் வந்ததும் முதலில் கண்டது நாய்தான்.
நீலத் துணி உப்பி, தையல் விட்டு,
சிவப்பு நூல் எழுத்துகளுக்கு நடுவே
விரற்கடை உயரத்தில் பச்சை.
டாயில் குனிந்து எண்ணினான்: ஏழு.
வெர்ஜில் அதன் பக்கத்தில் உட்கார்ந்தான்.
பிடுங்கவில்லை. தொடவுமில்லை.
கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்
அந்தப் பக்கத்துப் பலகையை
மூன்றடி உள்ளே தள்ளிப் போட்டான்.
ஆக, பதினெட்டு.

"இதற்கு எத்தனை?" என்றாள் டெஸ்ஸா.
மார்லிஸ் நோட்டைப் பிரித்தாள்,
பென்சிலை வாயில் வைத்தாள், எடுத்தாள்.
விதி விதிதானே. புல்.
ஆனாலும் ஏதோ எழுதினாள்,
கையால் மறைத்துக்கொண்டு.

அணில் தின்றது போக
இன்று காலை நான்கு நிற்கின்றன.