பதினான்கு டிகிரி

சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.
எங்கள் கணக்கு அவ்வளவு மோசமில்லை,
ஆனால் அந்தத் திசையில்தான் போனது:
கார் அறுநூறு பவுண்டு,
அதை வீடுவரை இழுத்துவந்த லாரி இருநூறு.

தொண்ணூற்றொன்றாம் வருட எம்.எக்ஸ்-5.
அதன் சிவப்பு வேல்ஸ் மழையில் வெளுத்து
ஈறுகளின் நிறமாகியிருந்தது.
(பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள் நான்,
எனக்கு அப்படித்தான் தோன்றும்.)

தம்பி யெஸ்டினும் நானும் பாதிப் பாதி.
மலையேற்றப் பந்தயத்தில்
ஒரே காரை இரண்டு பேர் ஓட்டலாம்.
மலிவான மாற்றங்களிலேயே மலிவானது அதுதான்:
செலவைப் பங்குபோட ஓர் உடன்பிறப்பு.

முதல் வேலைக்குக் காசே ஆகவில்லை.
பன்னிரண்டாம் எண் ஸ்பானர், ஒரே ஒரு போல்ட்.
என்ஜினின் முதுகில் இருந்த சென்சாரை
மயிரிழை திருப்பினேன்.
டைமிங் லைட்டைப் பிடித்தபடி
யெஸ்டின் குறி சொன்னான்:
பத்து... பன்னிரண்டு... நிறுத்து, பதினான்கு.
பிஸ்டன் உச்சிக்கு வந்து சேருமுன்பே
இனிமேல் பொறி பறக்கும்,
அழைப்பு மணி அடிக்குமுன்
கதவைத் திறந்துவிடுகிறவர்களைப்போல.

பிறகு கழித்தோம்.
ஸ்டெப்னி, ஜாக்கி, ரேடியோ, கம்பளம்,
கம்பளத்தடியில் உளியால் பெயர்த்த தார்த்தகடு,
தகட்டோடு ஒட்டிவந்த யாரோ ஒருத்தியின் ஹேர்பின்.
ஹீட்டரும் எதற்கு என்றான், அதுவும் போயிற்று.
எல்லாவற்றையும் குளியலறைத் தராசில் நிறுத்தோம்:
நாற்பத்து மூன்று கிலோ.
கடைசியில் யெஸ்டின் ஏறி நின்றான்.
இறங்கினான். எண்ணைச் சொல்லவில்லை.

பெத்தெஸ்தாவில் கெதினின் பழைய இரும்புக்கடை.
நொறுங்கிக் கிடந்த இன்னொரு எம்.எக்ஸ்-5இன்
தடித்த ஆன்ட்டிரோல் பாருக்குப்
பதினைந்து பவுண்டும் ஒரு டஜன் முட்டையும் கேட்டான்.
கொடுத்தோம்.
பிரேக் பேடிலும் டயரிலும் மட்டும்
கஞ்சத்தனம் வேண்டாமென்று
கிறிஸ்துமஸ் பணம் முழுதும் அங்கே போனது.
காற்று இலவசம்,
ஆகவே சண்டை முழுவதும் காற்றுக்கு.
இருபத்தாறு என்று அவன் அடிப்பான்,
இருபத்துநாலுக்கு நான் இறக்குவேன்.
மாறி மாறி அந்த வால்வு
எங்கள் இருவரையும் பார்த்துச் சீறும்.

கைவிடப்பட்ட கற்பலகைச் சுரங்கத்தின் சாலை.
தொள்ளாயிரம் மீட்டர், ஏழு வளைவு.
செம்மறிப் புழுக்கையைக் காலையிலேயே கூட்டிவிட்டார்கள்.
பக்கத்தில் ஒருவர் டிரெய்லரோடு, கூடாரத்தோடு,
காபி இயந்திரத்தோடு வந்திருந்தார்.
எங்களிடம் ஒரு ஃபிளாஸ்க்.

யெஸ்டின்: நாற்பத்தேழு புள்ளி ஒன்பது இரண்டு.
நான்: நாற்பத்தேழு புள்ளி எட்டு ஒன்று.

ஒரு நொடியை நூறாக நறுக்கினால் பதினொன்று.
அவன் காருக்கடியில் படுத்து வெகுநேரம் எதையோ தேடினான்.
எழுந்து, கைகளைத் துடைத்து,
"அந்தத் தராசு தப்பு" என்றான்.
மத்தியானம் தன் பேஸ்ட்டியைத் தொடவில்லை.
இரண்டையும் நானே சாப்பிட்டேன்.

இரண்டாம் சுற்றுக்குமுன் மழை பிடித்துக்கொண்டது.
வளைவுகள் ஆறாயின. பந்தயம் முடிந்தது என்றார்கள்.
காபிக்காரர் காரைப் போர்த்தி மூடி ஏற்றிக்கொண்டார்.
நாங்கள் அதே காரில், அதே டயரில் வீடு திரும்பவேண்டும்.

அப்போதுதான் ஹீட்டர் ஞாபகம் வந்தது.
இரண்டு பேரின் மூச்சு போதும்,
முன்கண்ணாடி பாலாகிவிட.
யெஸ்டின் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு
எனக்காகத் துடைத்தான்,
தட்டு அளவுக்கு ஒரு வட்டம்,
அது மங்க மங்க மறுபடி.
"மெதுவா மூச்சு விடு" என்றான்.
இருபது மைல். லாரிகள். இருட்டு.
அந்தத் தட்டுக்குள்தான் சாலை முழுவதும் இருந்தது.

பந்தயம் பற்றி அதுவரை நான்
ஒரு வார்த்தை பேசவில்லை.
ஊர் விளக்குகள் தெரிந்ததும்
பொறுக்க முடியாமல்
"பதினொன்று" என்றேன்.

கை நின்றது.
கண்ணாடி ஓரங்களிலிருந்து
மெல்ல வெளுக்கத் தொடங்கியது.