பகல் அடகு

அம்பத்தூர் எஸ்டேட்டில்
திருகாணி செய்கிறவர்களுக்கும் பிஸ்கட் டின் செய்கிறவர்களுக்கும் நடுவே
எங்கள் ஷெட்.
உள்ளே, தண்ணி லாரியிலிருந்து கழற்றிய இன்ஜின்.
புதுப்பேட்டையில் எடை போட்டு வாங்கியது.
பிளாக்கின் பக்கவாட்டில் யாரோ ஆணியால் கீறியிருக்கிறார்கள்:
தேனம்மா, 9 லோடு, பாக்கி 400.

ஆடி மாதம். மதியம் பன்னிரண்டரை.
ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு.
வாங்க ஆளில்லாத மின்சாரம்
சந்தை கலைகிற நேரத்துத் தக்காளியாய் விலையிறங்கி நிற்கும்.
அப்போதுதான் நாங்கள் மோட்டாரைத் தட்டுவோம்.

இன்ஜின் ஓடவில்லை, ஓட்டப்படுகிறது.
பொறி இல்லை, டீசல் இல்லை.
மீத்தேன் கொஞ்சம், ஆர்கான் நிறைய
உறிஞ்சி, அமுக்கி, விடுகிறது.
"பொணத்துக்கு மூச்சுப் பயிற்சி குடுக்கிறாப்ல இருக்கு மேடம்"
என்கிறார் கமாலுதீன்.

ஆர்கான் எதனோடும் சேராது, எதையும் செய்யாது.
உருளத் தெரியாது, அதிரத் தெரியாது,
அமுக்கினால் சூடாவது ஒன்றுதான் அதற்கு வழி.
சும்மா இருக்கும் ஒருவர் பக்கத்திலிருந்தால்
மற்றவர்களுக்குக் கொதிப்பேறும்.
எல்லா ஆபீசிலும் நடப்பதுதான்.

பிஸ்டன் உச்சி தொடும் இடத்தில் ஆயிரத்தைந்நூறு டிகிரி.
இமைப்பில் நூற்றில் ஒரு பங்கு நேரம்.
அதற்குள் மீத்தேன் உடைந்து
ஹைட்ரஜனாக, எத்திலீனாக, கொஞ்சம் கரியாக
ஆகிவிட வேண்டும்.
மனம் மாறித் திரும்புவதற்குள்
பிஸ்டன் இறங்கி எல்லாவற்றையும் குளிர்த்துவிடும்.
சண்டையில் வந்து விழுந்த ஒரு சொல்
அப்படியே உறைந்து
வருஷக்கணக்காய் வீட்டில் கிடக்குமே,
அப்படித்தான் தொட்டியில் கிடக்கிறது மதியம்.
எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.
எடுத்துக் கொளுத்தினால் இன்னும் எரியும்.

இரவு எட்டேகால்.
கொரட்டூர் வரை ஏசிகள் விழித்துக்கொள்ளும் நேரம்.
அதே இன்ஜின். பிளக்கை மாட்டி, காற்றை விட்டு,
தொட்டியின் வால்வைத் திறக்கிறேன்.
ஒரு இருமல். இன்னொன்று.
பிறகு கமாலுதீனுக்குப் பழக்கமான அந்த வெடி,
சீராக, நாலு சிலிண்டரிலும்.
அவர் முகத்தைப் பார்க்கணுமே!
பக்கத்து டின் பிரஸ்ஸில் மூன்று டியூப்லைட், ஒரு மின்விசிறி
எங்கள் கணக்கில் எரிகின்றன, சுழல்கின்றன.

பகலை அடகு வைத்து இரவில் மீட்கிறோம்.
எந்த அடகுக்கடையும் இந்த வட்டி கேட்காது:
நூறு யூனிட் வைத்தால் கைக்கு வருவது முப்பத்தொன்று.
பாக்கி எங்கே என்று
பணம் தருகிறவர்கள் திங்கட்கிழமை கேட்பார்கள்.

கமாலுதீன் டீத் தூக்கை பிளாக்கின் மேல் வைத்திருக்கிறார்,
தேனம்மாவின் கீறலுக்குக் கொஞ்சம் மேலே.
"பாக்கி இதோ இங்கதான் இருக்கு, தொட்டுப் பாருங்க."
தொட்டேன். சுட்டது.
வெப்ப இழப்பு என்று எழுதினேன்.
டீயை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியவில்லை.

மூன்றாவது சிலிண்டர் வால்வில் கரி கட்டியிருக்கிறது.
கேஸ்கட்டும் போகப் போகிறது.
நாளை வெள்ளி, பன்னிரண்டரைக்கு அவர் தொழுகைக்குப் போய்விடுவார்.
காற்று காத்திருக்காது.
மோட்டாரை நானே தட்டவேண்டும்.