ஒன்றாம் எண் பெட்டி

முப்பது பாகைச் சாய்வில் குத்த வேண்டும்.
நேராகக் குத்தினால் வெடிக்கும்.
ஈர மண், மணல், பனிக்கு அடியில் இறுகின மண்,
எல்லாவற்றுக்கும் அதே பாடம்.
பதினேழு வருஷம் அதைத்தான் செய்தேன்.

ஊருக்கு வந்த பிறகும்
வரப்பில் குச்சியால் குத்திக் குத்தியே நடந்தேன்.
"பட்டாளத்தாரு நண்டு வளை தேடுறாரு"
நடவுக்குப் போகிற பெண்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
கோரையாற்றங்கரைக் களிமண்ணுக்கு அடியில்
பிஜுவின் இடது கால் கிடந்ததை
அவர்களிடம் எப்படிச் சொல்ல?

ஆடி போய் ஆவணி வந்தும்
கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத வருஷம்.
கூட்டுறவு வங்கி நோட்டீஸை
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி
பக்கிரிசாமி என்னிடம்தான்
பீடிக்கு நெருப்பு கேட்டார்.
கொடுத்தேன்.
வேறெதுவும் கேட்கவில்லை.
மறுநாள் அவர் வயல் தலைமாட்டில்
மூடி திறந்த டப்பா.

புதைத்து வைத்ததையெல்லாம் கண்டுபிடித்தவன்
கையெட்டும் தூரத்தில் கோட்டை விட்டேன்.

அந்த மாசக் கடைசியில் ஒரு ராத்திரி
மாட்டுக்கொட்டகையில்
அதே நிற டப்பாவோடு நான் உட்கார்ந்திருந்தேன்.
ஜெகதாம்பாள் வந்தாள்.
அழவில்லை, பிடுங்கவில்லை.
"அதக் கீழ வச்சிட்டு இந்தக் கன்னுக்குட்டியப் பிடிங்க,
கயிறு அவுந்துடுச்சு."
பிடித்தேன்.
விடிந்ததும் முதல் பஸ்ஸில் தஞ்சாவூர்.

மனநலப் பிரிவில் டோக்கன் அறுபத்து மூன்று.
"எத்தன நாளாத் தூங்கல?"
இத்தனை வருஷ சர்வீஸில் யாரும் கேட்காத கேள்வி.
பதில் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம்.
வெளியே அறுபத்து நாலு
முணுமுணுக்காமல் காத்திருந்தார்.

ஊரில் முதலில் செய்தது இதுதான்:
மதியழகன் டீக்கடையில், கூட்டமாக இருக்கிற நேரத்தில்,
மாத்திரையைப் பிரித்து எல்லோரும் பார்க்க விழுங்கினேன்.
"என்னண்ணே, சுகரா?"
"இல்ல. மனசுக்கு."
டீ ஆற்றுகிற கை பாதியில் நின்றது.
இரண்டு நாள் கழித்து, இருட்டின பிறகு,
டார்ச் அடிக்காமல் ஒருவர் வந்தார்:
"அந்த டாக்டரம்மா எந்தக் கெழம இருப்பாங்க?"

பழைய விதைக் கிடங்கில் இப்போது
நாற்பத்தொரு இரும்புப் பெட்டிகள்.
வீட்டுக்கு ஒன்று. பூச்சிமருந்தெல்லாம் அங்கேதான்.
ஒவ்வொன்றிலும் இரண்டு பூட்டு.
ஒரு சாவி அவர்களிடம், மற்றது என்னிடம்.
ஒன்றாம் எண் பெட்டி என்னுடையது.
அதன் இரண்டாம் சாவி
ஜெகதாம்பாளின் இடுப்பில்.

போன கார்த்திகை. மழை விடாத ராத்திரி.
மணி இரண்டு இருக்கும்.
கதவைத் தட்டினான் வடுகநாதன்.
"சாவி வேணும். புகையான் விழுந்திருக்கு."
கொட்டுகிற மழையில் மருந்தடிக்கிறவன் இல்லை அவன்.
துண்டு கொடுத்தேன். தலை துவட்டிக்கொண்டான்.
சாய்வாக எதையாவது பேச வாயெடுத்தேன்,
விளைச்சல், மாமனார் வீடு, இப்படி.
பாடம் இங்கே செல்லாது என்று தோன்றியது.
நேராகவே குத்தினேன்:

"செத்துடலாம்னு இருக்கா?"

வெடிக்கவில்லை.
சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தான்.
வெகுநேரம் அழுதான்.
பிறகு பேசினான்.
ஜெகதாம்பாள் இரண்டு தடவை காப்பி போட்டாள்.

விடிந்தபோது அவன் வயலில் தண்ணீர் முட்டி நின்றது.
வடியவிட இரண்டு பேரும் போனோம்.
பத்து மணி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.
வரப்பு எங்கே என்றே தெரியவில்லை.
நான் முன்னால் நடந்தேன்,
குச்சியால் குத்திக் குத்தி.
பழக்கம்.