தெளிந்த இடம்

பொங்கியண்ணன் பண்ணையில் இந்த மாதம் நானூறு குஞ்சு.
சால்மோனெல்லா என்று சீட்டு எழுதியது நான்தான்.
எந்த மருந்துக்கும் கேட்கவில்லை என்று
அடியில் எழுதியதும் நான்தான்.

மல்லசமுத்திரம் பக்கம், திருமணிமுத்தாற்றில்
சாக்கடை சேரும் முடக்கில்
ஒரு புட்டி தண்ணீர் மொண்டு வந்தேன்.
நாற்றம் தாளாமல் நடத்துநர் என்னைக்
கடைசி இருக்கைக்கு அனுப்பினார்.

நாமக்கல் வந்து வடிகட்டினேன்.
கிருமியைப் புல்லாய் அடர வளர்த்த தட்டில் விட்டேன்.
முதல் நாள் ஒன்றுமில்லை.
இரண்டு, மூன்று,
நாலாம் நாள் மின்வெட்டு,
ஐந்தாம் நாள்
கலங்கலுக்கு நடுவே ஊசிமுனைத் தெளிவு.
மறுநாள் கடுகு. அதற்கடுத்த நாள் துவரை.
புல் இருந்த இடத்தில் கண்ணாடி.

லென்ஸுக்கு அடியில்
அது நீந்துவதாகத் தெரியவில்லை,
யாரோ எறிந்ததுபோல் வருகிறது.
வளைந்த உடம்பு, ஒற்றை வால்.
தன்னைவிடப் பெரியதன்மேல் முட்டி, ஒட்டி,
சற்று யோசிக்கிறது.
யோசிக்காது, தெரியும். ஆனாலும்
சிலது விட்டுவிட்டுப் போகிறது.
விடாதது சுவரில் துளையிட்டு நுழைகிறது.
வால் வாசலோடு சரி.
துளையை உள்ளிருந்தே அடைத்துக்கொள்கிறது,
பங்கு கேட்டு இன்னொன்று வந்துவிடக் கூடாது பாருங்கள்.

வீடு உருண்டையாகிறது.
வெளியிலிருந்து பார்த்தால் கிருமி முழுசாய்த்தான் இருக்கிறது.
செத்து அரைமணி ஆயிற்று.
உள்ளே அது சுருண்டு சுருண்டு நீள்கிறது.
சோறு தீர்ந்ததும் தன்னையே நறுக்கிக்கொள்கிறது,
நாலோ ஐந்தோ, தின்றதைப் பொறுத்து.
சுவர் உடைய
வால் முளைத்த பசி நாலு திக்கிலும்.
ஐந்தாவதற்கும் ஒரு திக்கு கிடைக்கிறது.

பொங்கியண்ணன் போனில் கேட்டார்:
"ஏனுங்க, அந்தக் கிருமியெல்லாம் தின்னு முடிச்சா
அப்புறம் என்னத்தைத் திங்கும்? எங்குஞ்சையா?"
குஞ்சைத் தொடாதுங்க.
"பின்ன?"
பட்டினியில செத்துருங்க. ஒரு பொழுதுகூடத் தாங்காது.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் தீவனம் அரைக்கும் சத்தம்.
"பாவமுங்க" என்றார், நானூறு புதைத்தவர்.

கிளம்புமுன் குடுவையில்
உயிருள்ள கிருமி இரண்டு சொட்டு விட்டேன்,
காலை வரைக்கும்.
கலங்கல் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

பேருந்து நிலையத்துக்கு எதிர்க்கடையில்
பரோட்டாவுக்கு ஒரு கலக்கி சொன்னேன்.
வேகாத ஓரம் தட்டில் வழிந்தது.
எந்தப் பண்ணை முட்டை என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை.
பசி.