மாசிப் போயா

இந்தத் தீவில் ஓநாய் கிடையாது.
எங்களுக்கு வாய்த்தது நரி,
கதை சொல்கிறவர்கள் கேலி செய்கிற அதே நரி.
இருக்கட்டும்.
பல் பல்தான்.

பகலில் நான் தம்பிலுவில் கமநல நிலையத்தில்
உர மானியம் பதிகிறவன். வயது முப்பத்தொன்று.
கேதாரன் வெட்டுமெசின் ஓட்டுகிறவன்,
பின்கழுத்தில் எப்போதும் உமி ஒட்டியிருக்கும்.
படிவத்தில் கையெழுத்து வைக்க வந்தால்
பேனையை அழுத்திப் பிடித்து, என்னைப் பார்க்காமல்,
'எங்க வைக்கிற, சேர்?' என்பான்.
அந்த 'சேர்' காதில் விழுந்ததும்
மேசைக்கு அடியில் என் நகம் நீளும்.

பறுவம் வந்தால் கணக்கு மாறும்.
கஞ்சிகுடிச்சாற்று வட்டைக்கு மேற்கே
பதினொரு நரிகள், தலைவன் அவன்.
உச்சி மயிருக்குள் நரிக்கொம்பு.
சந்தையில் தாயத்துக்கென்று போலி விற்கிறார்களே,
அதன் அசல்.
காதை ஒருமுறை அவன் திருப்பினால்
பத்து வால்களும் மண்ணில்.
என்னுடையதும்தான், மறைக்க என்ன இருக்கிறது.

புவிராஜ் வாகரைப் பக்கத்திலிருந்து வந்தவன்.
இறால் பண்ணைக் காவல். அழகன்,
அது அவனுக்கும் தெரியும்.
விருப்பத்தைச் சொல்லத் தெரியாமல்
முதல் மாதம் முயலைக் கொண்டுவந்து போட்டான்,
மறு மாதம் மயில், தோகையோடு.
மூன்றாம் மாதம் வெறும் வாயோடு வந்து
என் பிடரியைக் கவ்வினான்.
'குனி கா' என்றான்,
பாதி மாறிய வாயில் சொல் எச்சிலாக ஒழுகியது.
உடம்பு குனிந்தது. நான் குனியவில்லை.
இரண்டும் வேறென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாசிப் போயா.
தவறணை பூட்டு, ஊர் நேரத்தோடு படுத்துவிட்டது.
அறுத்த வயலின் அடிக்கட்டை காலைக் குத்தக் குத்த
இருவரும் மோதினார்கள்.
எனக்காக என்றார்கள் மற்றவர்கள்.
வெட்கமாக இருந்தது,
பொய் சொல்லவா, சந்தோசமாகவும்.
பரணிலிருந்து யாரோ யானைவெடி கொளுத்திப் போட,
அந்த வெளிச்சத்தில் புவிராஜின் காது கிழிந்து தொங்கியது.
கிறுகிப் பார்க்காமல் வாய்க்காலைத் தாண்டிப் போனான்.
பாவம். மயில் நல்ல மயில்.

மறுகா கேதாரன் என்னிடம் வந்தான்.
அடுத்தது என்னவென்று எல்லோருக்கும் தெரியும்:
வென்றவன் கவ்வுவான்,
பரிசு படுத்துக்கொள்ளும்.
கழுத்தை நான் தயாராய் வைத்திருந்தேன்.

அவன் மூக்கை என் முன்னங்காலில் வைத்தான்.
பிறகு, ஒன்பது பேரும் பார்த்திருக்க,
மல்லாந்தான்.
தொண்டை மேலே, வெள்ளை வயிறு மேலே,
நாலு காலும் நிலவைப் பார்க்க,
கொம்புள்ளவன்.
கிழட்டு நரி ஒன்று இருமியது.
நான் என் வாயை அவன் தொண்டையில் வைத்தேன்.
பல்லுக்குக் கீழே நாடி,
மெசின் தொடங்கும்போது உதறுமே, அப்படி.
கடிக்கவில்லை. விடவும் இல்லை.
'இன்னும் ஒள்ளம்' என்று கேட்டான்,
அல்லது அது வெறும் முனகல்.

விடியும்போது வாய்க்கால் கட்டில்
இரண்டு மனிதர்கள், ஒரு சாரம்.
'நோகுதா?'
'நோகட்டும். எத்தினை வருசம்
எல்லாரையும் குனிய வைச்சுக் களைச்சுப் போனன்.
ஒருத்தன் என்னைப் பிடிச்சு வைக்கமாட்டானா எண்டு.'
இவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

வெயிலோடு தூறியது.
அக்கரையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்
நரிக்குக் கலியாணம், நரிக்குக் கலியாணம் என்று
கத்திக்கொண்டு போனார்கள்.
யாரோடு என்று ஒருவரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வரிசையில் நின்றான்,
அந்த வெக்கையிலும் சட்டையைக்
கழுத்துப் பொத்தான் வரை பூட்டி.
'எங்க வைக்கிற, சேர்?'
படிவத்தைத் திருப்பி, விரலால் காட்டினேன்.
'இங்க.'
அவன் குனிந்தான்.