பக்கவாட்டில் ஒரு பந்து

பதினோரு வருஷத்தில் ஒன்பது கோல்.
அதில் இரண்டு யார் முதுகிலோ பட்டுத் திசை மாறியவை.
ஒன்று நான் அடித்தது.
உள்ளூர்ப் பத்திரிகை உன் பெயரைப் போட்டது,
நீ திருத்தச் சொல்லவில்லை, கிரிம்ஷா.

ஆல்டர்க்ளஃப் டவுன், நான்காம் டிவிஷன்.
மைதானத்துக்குப் பின்னால் பிஸ்கட் ஃபாக்டரி;
மேற்கிலிருந்து காற்றடித்தால்
தோல்விக்கும் இஞ்சி வாசனை.
ஜனவரியில் நடுக்களம் முழுக்கச் சேறு,
அதன்மேல் ஒரு லாரி மணல்,
அதன்மேல் நாம் இருவர்.
உனக்கு வந்த பந்தை எனக்குத் தருவாய்,
எனக்கு வந்ததை உனக்குத் தருவேன்.
"முன்னால போடுங்கடா!" என்று
ஆயிரத்து இருநூறு பேர் கத்துவார்கள்.
எண்ணிப் பார்த்தால் அதைவிடக் குறைவு.
நாம் போடமாட்டோம்.
முன்னால் போனது திரும்பி வராது,
பக்கவாட்டில் போனது நம்மிடமே இருக்கும்
என்று ஏதோ கணக்கு உனக்கு.

ஆட்டம் முடிந்து ஊர் திரும்பும் பஸ்ஸில்
ஒரே பையிலிருந்து ஐஸ்கட்டி எடுப்போம்,
உன் இடது முட்டிக்கு, என் வலது முட்டிக்கு.
உருகியது நடுவில் இருந்த சீட்டை நனைக்கும்.

பழைய மேனேஜரை நவம்பரில் அனுப்பினார்கள்.
தற்காலிகம்தான், ஒரு மாசம் பார்த்துக்கொள் என்று
சாவிக்கொத்தை உன்னிடம் நீட்டினார்
கார்ப்பெட் கடைக்காரச் சேர்மன்.
பாய்லர் அறைதான் ஆபீஸ். நாற்காலி இரண்டு,
ஒன்றுக்குக் கால் ஆட்டம்.
ஆடுவதில் நீ உட்கார்ந்துகொண்டாய்.
அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.
"அடுத்த சீசன் நீ இல்ல, ஃபென்டம்."
அவ்வளவுதான்.
பதினோரு வருஷத்தில்
நேராக முன்னால் நீ போட்ட
முதல் பந்து அது.

குழாய் வேலை கற்றுக்கொண்டேன்.
நாலு வருஷம் உன்னோடு பேச்சில்லை.
உன் வீட்டு ஹீட்டர் பழுதானபோது
உர்சுலா கூப்பிட்டாள்,
நீ பயிற்சிக்குப் போகும் நேரம் கேட்டு வைத்துக்கொண்டு போனேன்.
ஆனால் ஆட்டத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தேன்,
காசு கொடுத்து, வடக்கு மூலை விளக்குக் கம்பத்தடியில்.
கோட்டுப் பையில் கைவிட்டு
எல்லைக்கோட்டோரம் நீ நடப்பது தெரியும்,
மழையில் வழுக்கை மின்னும்.
கடைசி நாள், ஒன்றுக்கு ஒன்று,
கோல் வித்தியாசத்தில் பிழைத்த அந்தச் சனிக்கிழமை
உன்னைத் தோளில் தூக்கினார்கள்.
டீயை என்மேலேயே கொட்டிக்கொண்டு நானும் கத்தினேன்.
யாரும் பார்க்கவில்லை.
தொண்டை கட்டி இரண்டு நாள்
என்மேலேயே எனக்குக் கோபம்.

போன செவ்வாய் ஃபோன்.
யார் வீட்டிலோ சிங்க்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்.
"வேன் வச்சிருக்கியா?"
ஹலோகூட இல்லை.
ஐந்து பூஜ்யம் தோற்றிருந்தீர்கள்.
கிளப் கொடுத்த காரைக்
கிளப் எடுத்துக்கொண்டது.
கேட்டருகே அட்டைப்பெட்டியோடு நின்றாய்:
விசில், ஆரஞ்சுக் கூம்புகள், பாதி செத்த தொட்டிச்செடி.
மழையில் பெட்டிக்கு அடி பிய்ந்துகொண்டிருந்தது.
முன் சீட்டில் செம்புக் குழாய்கள்,
தள்ளி வைக்க இடமில்லை.
மடியில் வாங்கிக்கொண்டாய்.

மூன்று ரவுண்டானா வரை பேச்சில்லை.
நாலாவதில்,
"ரெய்வுட்ல, அந்த வெயில்ல அடிச்ச கோல்,
அது உன்னுதுதான்."
ரெய்வுட் இல்லை, ஹஸ்பி.
வெயிலும் இல்லை, பந்தே தெரியாத பனி.
நான் திருத்தவில்லை.

திரும்பவும் ஃபோன். சிங்க் வீட்டு அம்மாள்.
மெயினை மூடிவிட்டு வந்திருந்தேன்,
இரண்டு மணி நேரமாக அவளுக்குத் தண்ணீர் இல்லை.
"நானும் வரேன்" என்றாய்,
போக வேறு இடமும் இருக்கிற ஆள் மாதிரி.

இப்போது அவள் சமையலறைத் தரையில்
முட்டி மடங்காமல் ஒருக்களித்து உட்கார்ந்து
டார்ச் பிடிக்கிறாய்.
"இடது பக்கம், இன்னும் கொஞ்சம்,
அவசரப்படாத, வச்சுக்கோ, வச்சுக்கோ."
நட்டை வலப்பக்கம்தான் திருக வேண்டும்.
கிரிம்ஷா, வெளிச்சத்தைக் கொஞ்சம்
முன்னால் போடு.